கடைசி நான்கு எண்கள்

என் வீட்டுக்காரருக்கு எண்கள் என்றால் பைத்தியம். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவருக்கு எண் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும் என்று கேட்பீர்கள். நான் பத்து வருஷமாகப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன, பல் மேல் ஆசையா வந்துவிட்டது? பிழைப்பு வேறு, பைத்தியம் வேறு. இவர் கடையில் மிஞ்சிப்போன பிளாஸ்டிக் எண்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்பாவும் மகளும் அதைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளி, பின்னால் இருப்பதை நடுவில் செருகி, குழம்பு ஆறிப்போவது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

என் போன் நம்பரின் கடைசி நான்கு எண்கள் 8712. சிம் கடைக்காரர் நீட்டிய ஏழெட்டு நம்பரில் இவர்தான் இதைப் பொறுக்கினார். "2178-ஐ நாலால பெருக்கிப் பாரு. அப்படியே தலைகீழா 8712 வரும். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த மாதிரி நம்பர்?" என்றார். கல்யாணம் ஆன புதிதில் புடவை எடுக்கப் போனபோது கூட இவ்வளவு நேரம் பார்த்துப் பொறுக்கவில்லை மனிதர்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். அவள் காணாமல் போன அந்த நாளைச் சொல்லத்தான் இத்தனையும்.

அன்று நான் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியே இருந்தது. வழக்கமாக மூன்றே முக்காலுக்கெல்லாம் வாண்டு வந்து, கீழ்வீட்டு அக்காவிடம் சாவி வாங்கி, ஷூவை மூலைக்கொன்றாக எறிந்திருப்பாள். கீழே போய்க் கேட்டேன்.

"இன்னும் வரவே இல்லையேம்மா. சாவி இதோ ஆணியிலேயே தொங்குது பாரு" என்றார் அக்கா.

பஸ் தாமதமாயிருக்கும் என்று கால் மணி நேரம் தெருமுனையில் நின்றேன். நாற்பத்தாறாம் நம்பர் பஸ் இரண்டு வந்து போயிற்று. இரண்டிலும் அவள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓடினேன். மூன்று பஸ் நிறுத்தத் தூரம், செருப்பு வார் அறுந்தது கூடத் தெரியாமல் ஓடினேன்.

கேட் பூட்டியிருந்தது. காவலாளி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி டேங்க் உடைஞ்சு வகுப்பெல்லாம் தண்ணிம்மா. பன்னெண்டரைக்கே எல்லாரையும் விட்டாச்சு. உங்களுக்கு மெசேஜ் வரலையா?"

மெசேஜ் வந்திருந்தது, இவர் போனுக்கு. பெயிண்ட் கையோடு போனைத் தொட மாட்டேன் என்று சாயங்காலம் வரை அதைத் திரும்பிப் பார்க்காத மகராசர் போனுக்கு. மணி அப்போது நாலரை. பன்னிரண்டரையிலிருந்து நாலரை வரை நான்கு மணி நேரம். அதில் முக்கால்வாசி நேரம் நான் கிளினிக்கில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போன் செய்து, கடைப்பையன் எடுத்து, அவரிடம் கொடுத்து, அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. வந்து இறங்கியவரின் இரண்டு கையிலும் சிவப்பாக இருந்தது. பெயிண்ட்தான். ஆனால் அந்த ஒரு நொடி நான் பார்த்தது பெயிண்டை இல்லை. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் நிதானமாக எழுதினார். உயரம் என்ன, ரிப்பன் என்ன கலர், கடைசியாகத் திட்டினீர்களா. திட்டாத நாள் ஏது என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"குழந்தைக்கு உங்க போன் நம்பர் தெரியுமா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா."

"அப்புறம் என்னம்மா? வழி தவறியிருந்தா யார்கிட்டயாவது நம்பரைச் சொல்லியிருக்கும், உங்களுக்குப் போன் வந்திருக்கும். வரலைன்னா எங்கேயோ ஃப்ரெண்ட் வீட்ல விளையாடிட்டு இருக்கும். வீட்டுக்குப் போய் இருங்க. விவரம் எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பறோம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. போன் வரவில்லை என்றால் நம்பரைச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாள், அல்லது சொல்ல விடாதவனிடம் இருக்கிறாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

இவர் உட்காரவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "அவ நம்பரைச் சொல்லியிருப்பா. ஆனா நம்ம நம்பரைச் சொல்லியிருக்க மாட்டா."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. குழந்தைகளிடம் நைசாகப் பேசி, வீட்டு நம்பரை வாங்கி, பெற்றவர்களை மிரட்டும் கும்பல் சுற்றுகிறது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. நான் இருபது பேருக்கு அனுப்பினேன். அன்று முதல் வாண்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: தெரியாதவர் யார் கேட்டாலும் நிஜ நம்பரைச் சொல்லக் கூடாது, வீடு எங்கே என்று சொல்லக் கூடாது, அவர்கள் கொடுப்பதை வாயில் வைக்கக் கூடாது, கூப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தார் இவர். சிரித்ததோடு விட்டாரா? அதையும் விளையாட்டாக்கினார். முதல் ஆறு எண்ணை மாற்ற வேண்டாம், கடைசி நான்கை மட்டும் இடம் மாற்றிச் சொல்லு, கேட்கிறவனும் போய்விடுவான், நீயும் பொய் சொன்ன மாதிரி இருக்காது என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புது வரிசை. ஒரு வாரம் இவர் போடுவார், ஒரு வாரம் அவள் போடுவாள். மற்றவர் க்ளூவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வாரம் அவள் முறை.

"எல்லாம் உங்களாலதான்!" என்று ஸ்டேஷன் வாசல் என்று கூடப் பார்க்காமல் கத்தினேன். "எண்ணாம், விளையாட்டாம்! ஒரு குழந்தைக்குப் போன் நம்பரை ஒழுங்கா சொல்லிக்கொடுக்கத் துப்பில்ல. என்ன வரிசைன்னு தெரியுமா உங்களுக்கு? கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. ஞாயிறு வரைக்கும் டைம் இருக்கேன்னு..."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். கோடு போட்ட நோட்டில் கிழித்தது. அவள் கையெழுத்து.

*அப்பாவுக்கு க்ளூ. ஒன்பதால் வகுபடும். ஒற்றைப்படை. ஒருத்தரும் பழைய சீட்டில் உட்காரவில்லை.*

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் எண்களைக் கிளறி, ஒரு எட்டு, ஒரு ஏழு, ஒரு ஒன்று, ஒரு இரண்டு எடுத்து சீட்டின் மேல் வைத்தார். ஏழு இரண்டு தடவை கீழே விழுந்தது.

"ஒன்பதால வகுபடும்ங்கறது சும்மா. எட்டும் ஏழும் ஒண்ணும் ரெண்டும் கூட்டினா பதினெட்டு. எப்படி மாத்திப் போட்டாலும் ஒன்பதால வகுபடும். கள்ளி, என்னை ஏமாத்தப் போட்டிருக்கா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒற்றைப்படைன்னா கடைசியில ஒண்ணு இருக்கணும், இல்ல ஏழு இருக்கணும். அப்புறம் எட்டு முதல்ல வரக் கூடாது, ஏழு ரெண்டாவதா வரக் கூடாது, ஒண்ணு மூணாவதா வரக் கூடாது, ரெண்டு கடைசியில வரக் கூடாது."

"எத்தனை வரும்? அதைச் சொல்லுங்க."

"மொத்தம் இருபத்துநாலு வரிசை. இந்த க்ளூவுக்கு ஒத்து வர்றது..." எண்களை நகர்த்தினார், கலைத்தார், மறுபடி நகர்த்தினார். "ஆறு."

காகிதத்தின் பின்பக்கம் எழுதினார். 1287. 1827. 2187. 7821. 7281. 2871.

"இதுல ஒண்ணைத்தான் சொல்லியிருப்பா. அந்த நம்பர்காரருக்குப் போன் போயிருக்கும். யார் போன் பண்ணினாங்கன்னு அவங்க போன்ல இருக்கும்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட நேரமில்லை. என் போனுக்கு அழைப்பு வந்தாலும் வரலாம் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு, இவர் போனை வாங்கினேன். போனில் பேசுவது என் தொழில்.

முதல் நம்பர் உபயோகத்திலேயே இல்லை. இரண்டாவதில் காது கேட்காத பெரியவர் ஒருவர். "கேஸ் கம்பெனியா? சிலிண்டர் இன்னும் வரலைப்பா" என்றார். இன்று வேறு யாராவது போன் செய்தார்களா என்று நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் சிலிண்டரைப் பற்றித்தான் சொன்னார். கடைசியில் அவர் மருமகள் வாங்கி, இன்று ஒரு போனும் வரவில்லை என்றாள். மூன்றாவது மணி அடித்து அடித்து நின்றது. நான்காவதில் ஒருவன் "ராங் நம்பர்" என்று வைத்தான். திரும்பவும் போட்டு, வைக்காதே தம்பி, குழந்தையைக் காணோம் என்றேன். அவன் தேடிப் பார்த்து இல்லை என்றான். ஐந்தாவதில் ஒரு அம்மாள் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, எனக்கு வரவில்லை, பயப்படாதே, கிடைத்துவிடுவாள் என்றார். பயப்படாதே என்கிறவர்களை எல்லாம் கடித்துக் குதறலாம் போல் இருந்தது. ஆறாவது ஸ்விட்ச் ஆஃப்.

அந்த நம்பரைத்தான் சொல்லியிருந்தால்? மணி ஐந்தே கால். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இருட்டிவிடும்.

"மூணாவதை மறுபடி போடு" என்றார் இவர்.

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்த வேகத்தில் ஒரு பெண் குரல் வெடித்தது.

"டேய்! எத்தனை நம்பர்லேர்ந்துடா போன் பண்ணுவீங்க? போலீஸ்ல சொல்லிடுவேன்!"

"அக்கா, நான் ஒரு பொம்பளை. கட் பண்ணாதீங்க. மத்தியானம் யாராவது ஒரு குழந்தையைப் பத்தி..."

"ஓ, இப்ப பொம்பளையை விட்டுப் பேசறீங்களா? மத்தியானம் அந்த ஆள் 'உங்க பொண்ணு என்கிட்ட இருக்கா'ன்னான். எனக்குப் பொண்ணே கிடையாது! உங்க கும்பலைப் பத்தித்தான் ஊரெல்லாம் மெசேஜ் சுத்துதே. ஏமாறதுக்கு வேற ஆளைப் பாரு!"

வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் போகவில்லை. இவர் நம்பரையே தடுத்துவிட்டாள்.

உங்க பொண்ணு என்கிட்ட இருக்கா. அந்தச் சொல் என் தலைக்குள் நின்றுவிட்டது. யாரோ ஒரு ஆண். மத்தியானத்திலிருந்து. என்கிட்ட இருக்கா என்கிறான். நான் அனுப்பிய அதே செய்தி, அனுப்பியவர்கள் அனுப்பி, இந்தப் பெண்ணிடமும் போயிருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? இதைவிட நாலு வார்த்தை கூடத் திட்டிவிட்டு வைத்திருப்பேன்.

"உன் போன்லேர்ந்து மெசேஜ் அனுப்பு" என்றார் இவர். "கதை எதுவும் எழுதாத. நம்பரை மட்டும் பார்க்கச் சொல்லு."

எழுதினேன். *அக்கா, என் நம்பரையும் உங்கள் நம்பரையும் பாருங்கள். முதல் ஆறு எண்ணும் ஒன்று. கடைசி நான்கும் அதே எண்கள், வரிசை மட்டும் வேறு. என் மகள் மாற்றிச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.*

எழுத்துக் கூட்டி அனுப்பிவிட்டு இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டேஷனுக்குள் யாரோ சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் காரணமே இல்லாத ஆத்திரம் வந்தது. மூன்று நிமிஷமோ நான்கோ இருக்கும். என் போன் அடித்தது.

"பார்த்தேன்" என்றாள் அந்தப் பெண். குரல் அடியோடு மாறியிருந்தது. "ஐயோ தெரியாம போச்சும்மா. அந்த ஆள் மூணு தடவை போன் பண்ணினான், மூணு தடவையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நம்பர் தரேன், எழுதிக்கோ. குழந்தை கிடைச்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. சொல்லுவியா?"

அந்த ஆளின் நம்பரை என் போனில் அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாக அடித்தேன். இவர்தான் அடித்துக் கொடுத்தார். மணி அடித்தது. என்னென்னவோ நினைத்தேன். எவ்வளவு கேட்பான், எங்கே வரச் சொல்வான், அவள் குரலைக் காட்டுவானா.

"ஹலோ, யாரு?" கரகரத்த குரல்.

"என் பொண்ணு..." என்றேன்.

"நீங்க யாரும்மா? இது பாப்பா சொன்ன நம்பர் இல்லையே. முதல்ல பொண்ணு பேரு, வயசு, என்ன பள்ளிக்கூடம், எல்லாம் சொல்லுங்க. சும்மா யாரோ கேட்டா கொடுத்துட முடியுமா?"

அவன் என்னைச் சந்தேகப்படுகிறான். அந்தச் சந்தேகத்தைக் கேட்டதும் என் உயிர் திரும்பி வந்தது. அவன் என்று சொல்லக் கூடாது, அவர். ஒரு பஸ் டிரைவர். வாண்டு நாற்பத்தாறில் ஏறுவதற்குப் பதில் அறுபத்துநாலில் ஏறியிருக்கிறாள். கடைசி நிறுத்தம் வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தவளை டிப்போவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து யாரும் எடுக்கவில்லை. அவர்கள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லியும் ஒருவரும் வரவில்லை. வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நான் எல்லா விவரமும் சொன்ன பிறகு, "பாப்பாகிட்ட தரேன்" என்றார்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாண்டு, அம்மாடி. அம்மா பேசறேன்."

"அம்மா," என்றாள் மெல்லிய குரலில். "நான் சொல்லவே இல்லம்மா."

டிப்போவுக்கு ஸ்கூட்டரில் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்டேஷன் வாசலில் எல்லாம் உங்களால்தான் என்று கத்தினேன் அல்லவா, அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இவர் விளையாட்டாகச் சொன்னார், நான் பரீட்சை வைத்தேன். குரலை மாற்றிக்கொண்டு, அந்நியர் மாதிரி, "பாப்பா, சாக்லேட் தரேன், அம்மா நம்பர் என்னம்மா?" என்று கேட்பேன். ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே நிஜ நம்பரைச் சொல்லிவிட்டாள், அம்மாதானே கேட்கிறாள் என்று. ஓங்கி ஒரு அறை விட்டேன். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்தது. இவருக்குக்கூட அது தெரியாது.

டிப்போ அலுவலகத்தில் நீள பெஞ்சு. அதன் ஓரத்தில் பையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில். இரண்டும் பிரிக்காமல் இருந்தன. பாவாடை நனைந்து பெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"பாத்ரூம் காட்டறேன்னு டைம்கீப்பர் அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க. எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டா" என்றார் டிரைவர். நரைத்த மீசை, தோளில் துண்டு. திட்டு வாங்கியவர் மாதிரியே நின்றார். "ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ஆறு தடவை கேட்டேன்மா, ஆறு தடவையும் அதே நம்பர்தான். வேற நம்பர் இருக்காம்மான்னு கேட்டா கையால வாயைப் பொத்திக்கறா."

இவர் மண்டி போட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டார். அவள் சட்டையெல்லாம் சிவப்புப் பெயிண்ட் ஆயிற்று. அவள் அழவில்லை. அவர் தோளுக்கு மேலே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சையில் பாஸா ஃபெயிலா என்று பார்க்கிற பார்வை.

நான் பக்கத்தில் போய், தலையைத் தடவக் கையைத் தூக்கினேன். சடக்கென்று கன்னத்தை மறைத்துக்கொண்டாள். இவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கையை இறக்கிக்கொண்டேன்.

"வாண்டு, இந்த அங்கிள் நல்லவரு. அவருக்கு அம்மா நம்பரைச் சொல்லு."

முதல் ஆறு எண்ணைச் சொன்னாள். பிறகு, "ரெண்டு, ஒண்ணு, எட்டு, ஏழு."

"அது இல்லடா தங்கம். நிஜ நம்பர். அம்மாதான் சொல்றேன்ல, சொல்லு."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. இதுவும் பரீட்சை என்று நினைத்துவிட்டாள்.

டிரைவர் சங்கடத்தோடு, "பரவாயில்லம்மா, என் போன்லதான் வந்திருக்கே" என்றார்.

"இருக்கட்டும், கேளுங்க" என்றேன். டிப்போவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் நம்பரை நானே சொல்ல ஆரம்பித்தேன். ஆறு எண் வந்தது. எட்டு வந்தது. ஏழு, ஒன்று, இரண்டு, எல்லாம் சொல்லி முடித்தேன். வாண்டு கையை எடுக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.